ஹீட்டர் குழாயில் கட்டிய துணி

கத்தாரில் ஒன்பது வருசம், சாய்ந்தமருதில் பதினான்கு வருசம், ஆக மொத்தம் இருபத்து மூன்று வருசமாக நளீர் வாகனங்களின் ஹீட்டர் குழாய்களை மாற்றி வருகிறார். இந்த இருபத்து மூன்று வருசத்தில் அவரைத் தவிர வேறு ஒரு மனிதன் வாகனத்தில் ஹீட்டரைப் போட்டு அவர் பார்த்ததில்லை. கத்தாரில் ஹீட்டரைப் போட வேண்டியதே இல்லை, கண்ணாடியை இறக்கினால் போதும். சாய்ந்தமருதில் அதுகூடத் தேவையில்லை.

ஆனாலும் ஜப்பானில் இருந்து வருகிற ஒவ்வொரு வாகனத்திலும் அந்தச் சாமான் இருக்கிறது. அந்த நாட்டுப் பனிக்காக வைத்தது. என்ஜினுக்குள் கொதிக்கிற தண்ணீரை ஒரு றப்பர் குழாய் முன்பக்கப் பலகைக்குப் பின்னால் உள்ள சின்னப் பெட்டிக்குக் கொண்டுபோகும், இன்னொரு குழாய் திரும்பக் கொண்டுவரும். ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் அனேகமான வாகனங்களில் அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். குழாய் பூட்டுகிற இடத்தில் கிளிப் தளர்ந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குறையும். தண்ணீர் குறைந்தால் என்ஜின் கொதிக்கும். இந்த ஊரில் ஒருவருக்கும் வேண்டாத ஒரு சாமான், வேண்டிய எல்லாவற்றையும் நடுறோட்டில் நிறுத்திவிடும்.

கல்முனைப் பக்கத்து மற்ற கராஜ்காரர்கள் இதற்குச் சுருக்கமான வழி வைத்திருந்தார்கள். இரண்டு குழாயையும் வெட்டி ஒன்றோடொன்று பூட்டிவிடுவார்கள். தண்ணீர் ஹீட்டர் பக்கம் போகாமல் அப்படியே திரும்பிவிடும். நளீர் அதைச் செய்ய மாட்டார்.

"வெட்டிப் பூட்டினா அதுவும் ஒரு மூட்டுத்தானே? அதுவும் ஒழுகுந்தானே? வெச்சவன் வெச்ச மாதிரி இரிக்கட்டும். நாம ஒழுங்காப் பூட்டுவம்."

ஒழுங்காகப் பூட்டுவது என்றால் நளீரின் கராஜில் அது அரை நாள் வேலை. புதுக் குழாயைப் போட்டு, கிளிப்பை இறுக்கி, பச்சைக் கூலன்டை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, கதவை மூடிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்து ஹீட்டரை முழுதாகத் திறப்பார். சூடான காற்று வந்தால்தான் குழாய்க்குள் காற்று அடைக்கவில்லை என்று அர்த்தம். சித்திரை மாதத்து நடுப்பகலில், வெளியே ஒரு நாய்கூட வெயிலில் நிற்காத நேரத்தில், அவர் வியர்வை வழிய உள்ளே உட்கார்ந்து ஹீட்டரில் காய்வதை வாகனக்காரர்கள் வேப்பமர நிழலில் இருந்து பார்ப்பார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் விசிறி இரண்டு தரம் சுற்றி நின்றதும் இறங்குவார். டோர்ச் அடித்து ஒவ்வொரு பூட்டையும் பார்ப்பார். விரலால் தடவிப் பார்ப்பார், மணந்து பார்ப்பார்.

அதோடும் விடமாட்டார். சின்ன ஒழுக்கு என்றால் சூட்டில் சொட்டும் முன்னே காய்ந்துவிடும், கண்ணுக்குப் படாது. கத்தாரில் இதற்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கிற கருவி இருந்தது. சாய்ந்தமருதில் நளீரிடம் இருந்தது வெள்ளைத் துணி. விரல் அகலத்துக்குக் கிழித்து ஒவ்வொரு பூட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுக் கசிந்தாலும் துணி குடித்துக்கொள்ளும். தண்ணீர் காய்ந்து போனாலும் பச்சை போகாது.

"மூணு நாள் ஓடுங்க. மறுகா ஒருக்கா வாங்க. வெள்ளையாக் கிடந்தா அவிட்டு எறிஞ்சிருவன். பச்சை பட்டிருந்தா திரும்ப இறுக்கித் தாறன்."

"ஓம் காக்கா, கட்டாயம் வாறன்" என்று எல்லோரும் சொல்வார்கள். பதினான்கு வருசத்தில் மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை. வரவில்லை என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. நிந்தவூரில் இருந்து ஒருவர் வந்தார். முதல் நாள் குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இப்படித் துணிகள் அவிழ்க்கப்படாமலே ஊரெல்லாம் ஓடித் திரிந்தன. வினை அங்கேதான் தொடங்கியது.

முர்ஷித் என்று ஒரு வேன்காரர். கொழும்புக்கு ஹயர் ஓடுகிறவர், வழியில் நடந்ததை வந்து சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர். ஒரு நாள் மகியங்கனைக் காட்டுப் பாதையில் யானை ஒன்று அவருடைய வேனுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஊருக்கு வந்த முர்ஷித், யானை ஏன் போனது என்று யோசித்துக்கொண்டே பொனட்டைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"நளீர் காக்கா கட்டி விட்டது" என்றார் தேநீர்க் கடையில். "அந்தாள் கட்டக்குள்ள வாய் முணுமுணுக்கும். நான் கண்ணால கண்டனான். சும்மா துணியுமில்ல அது, தொழுகை உடுப்புத் துணி."

ஒன்றும் பொய்யில்லை. நளீரின் மனைவி றாஹிலா வீட்டில் பெண்களின் தொழுகை உடுப்பும் ஹபாயாவும் தைப்பவர். வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளைத்தான் நளீர் கராஜுக்குக் கொண்டு போவார். வாய் முணுமுணுப்பதும் உண்மை. கிளிப்பின் திருகாணியை எத்தனை சுற்று இறுக்குகிறார் என்று எண்ணுவார்: ஒன்று, ஒன்றரை, இரண்டு. இரண்டேகாலுக்கு மேல் போனால் குழாயைப் பூட்டுகிற பிளாஸ்டிக் வாய் வெடித்துவிடும்.

மூன்று மாதத்துக்குள் அது இசிம் ஆகிவிட்டது. ஓதிக் கட்டிய காவல். மாளிகைக்காட்டில் இருந்து ஆட்கள் வந்தார்கள்.

"ஹோஸெல்லாம் நல்லம் காக்கா. நீங்க துணிய மட்டும் கட்டி விடுங்க."

"ஒழுக்கே இல்லாம என்னத்துக்குத் துணி?"

"அதுதான் காக்கா, ஒழுகாம இரிக்கத்தான்."

ஒரு ஓட்டோக்காரர் வந்தார். ஓட்டோவில் ஹீட்டர் இல்லை, ரேடியேட்டர் இல்லை, குழாயே இல்லை. எங்கே கட்டுவது என்று நளீர் கேட்டார். "அது ஒங்களுக்குத்தானே தெரியும்" என்றார் அவர் மரியாதையோடு. இன்னொருவர் மீன்பிடி வள்ளத்து என்ஜினுக்குக் கேட்டார். கடல் முழுக்கத் தண்ணீர், ஒழுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நளீர் சத்தம் போட, அந்த மனிதர் முகம் வாடிப் போய்விட்டார். தனக்கு மட்டும் கட்டவில்லை என்று இன்றுவரை அவர் நளீரோடு கதைப்பதில்லை.

நளீருக்கு இது வெட்கமாக இருந்தது. அவர் ஐந்து நேரமும் பள்ளியில் தொழுகிறவர். கயிறு, தாயத்துக் கூடு, இசிம் ஒன்றையும் தன் பிள்ளைகளின் கையில்கூடக் கட்டாதவர். அப்படிப்பட்டவரைப் பார்த்துத் தெருவில் பெண்கள் கைக்குழந்தையை நீட்டி, "ஒரு துண்டு கிழிச்சித் தாங்களன், புள்ள ராவையில அழுகுது" என்று கேட்டால் என்ன செய்வார்? கோபப்படுவார். ஓதுகிறவர்களுக்குக் கோபம் வரும் என்பதால் நம்பிக்கை இன்னும் கூடியது.

இந்த நேரத்தில்தான் பள்ளிவாசலுக்கு, இறந்தவர்களை ஏற்றி வருகிற ஜனாஸா வாகனம் வந்தது.

அது நளீருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வேண்டுமென்றால், அவருடைய வாப்பா மௌத்தான கதையைச் சொல்ல வேண்டும். நான்கு வருசத்துக்கு முன்னர் வாப்பா கண்டி ஆஸ்பத்திரியில் மௌத்தானார். மையித்தை ஏற்றி வந்தது வேறொரு ஊரில் இருந்து வாடகைக்குப் பிடித்த பழைய வேன். ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் அது கொதித்து நின்றது. மகனே மெக்கானிக், கூடவே இருந்தார். பொனட்டைத் திறந்து பார்த்தால் ஹீட்டர் குழாயின் கிளிப் கையாலேயே சுற்றுகிறது, தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. பிளாஸ்டிக் வாயும் சூட்டில் உருகிப் போயிருந்தது. வேறு வாகனம் வந்து சேர நேரம் போய்விட்டது. அன்று மாலை அஸருக்கு அடக்க இருந்தவரை மறுநாள் அதிகாலை சுபஹுக்குப் பிறகுதான் அடக்கினார்கள். ஊரில் ஒருவரும் நளீரைக் குறை சொல்லவில்லை. அவர்தான் அந்தக் கிளிப்பை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே ஊர்ப் பணத்தில் வாங்கிய ஜப்பான் வேன் பள்ளி வளவுக்குள் வந்து நின்ற அன்றே, அதைப் பராமரிக்கும் வேலையைத் தனக்குத் தரும்படியும், கூலி வேண்டாம் என்றும் நளீர் பள்ளியின் நம்பிக்கையாளர் சபைக்குக் கடிதம் கொடுத்தார். அந்த வேனுக்குப் பின்சீற்றுக்கும் தனி ஹீட்டர் இருந்தது. அதாவது இரண்டு குழாய்க்குப் பதில் நான்கு. அதில் இரண்டு வேனுக்கு அடியால் ஓடுகிறது, குனிந்தாலும் தெரியாது. வேறு யாராவது கை வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

சபையின் செயலாளர் நிப்றாஸ் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர், மார்க்கத்தில் கண்டிப்பானவர். கடிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாராம்.

"இசிம் கட்டுற ஆள்ட கையில ஜனாஸா வாகனத்தக் குடுக்க ஏலா. கூலியும் வேணாமாம். ஏன் வேணாம்? யோசிங்க."

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு சபைக்கு வந்து விளக்கம் சொல்லும்படி நளீருக்கு ஆள் வந்தது.

"இஞ்சாருங்க, கத்தாம கதைங்க" என்றார் றாஹிலா, சேர்ட்டை அழுத்திக் கொடுத்தபடி. "நீங்க கத்தினா ஓதுறீங்க எண்டு நினைக்கிறாங்க."

"கத்தாம எப்பிடிப் புள்ள இதுகளுக்கு விளங்கப்படுத்துற?"

"காட்டுங்க. கண்ணுக்குக் காட்டினா விளங்குந்தானே."

அதனால் நளீர் ஒரு சிறு போத்தலில் கூலன்டும், சேர்ட்டுப் பையில் ஒரு முழம் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போனார். சபையில் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர் காலிதீன், ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் இப்போதும் 'சேர்'தான். நளீரையும் ஒரு காலத்தில் வகுப்பு வாங்கில் ஏற்றி நிறுத்தியவர்.

நளீர் துணியைப் பாயில் விரித்து ஒரு சொட்டு ஊற்றினார். பச்சை பரவியது.

"இவ்வளவுதான் சேர். ஓதலுமில்ல, ஊதலுமில்ல. ஒழுகினா துணி பச்சையாகும். ஒழுகாட்டி வெள்ளையாக் கிடக்கும். மூணாம் நாள் பாத்து எறியிற துணி இது."

"எறியிறதெண்டா ஏன் காக்கா ஊரெல்லாம் கட்டிக் கிடக்கு?" என்றார் நிப்றாஸ். "ஒருத்தரும் எறிஞ்ச மாதிரித் தெரியல்லயே."

"ஒருத்தரும் வரல்லயே தம்பி! வந்தாத்தானே எறியலாம்?" கத்தக் கூடாது என்பது நினைவு வந்து நளீர் குரலைத் தாழ்த்தினார். "சரி. வெளியில உங்கட வாகனங்கள் நிக்குது. அதுகளையே பாப்பமா?"

பள்ளி வளவில் ஜனாஸா வேனைத் தவிர மூன்று வாகனங்கள் நின்றன. முதலாவது நிப்றாஸின் சின்னக் கார். பொனட்டைத் திறக்க அவருக்கு விருப்பமில்லை என்பது அவர் கார்த் திறப்பைத் தேடிய விதத்தில் தெரிந்தது. உள்ளே இரண்டு துணி, பழுப்பேறி, பூ முடிச்சுப் போட்டிருந்தது. நளீர் பூ முடிச்சுப் போடுவதில்லை.

"இது நான் கட்டினதில்ல."

"அது... உம்மா" என்றார் நிப்றாஸ். "அவ சொன்னாக் கேக்கமாட்டா." பொனட்டை அவரே அவசரமாக மூடினார்.

இரண்டாவது வாகனத்தின் துணி வெள்ளையாகவே இருந்தது. நளீர் அந்த இடத்திலேயே அவிழ்த்தார். வாகனத்துக்குரிய உறுப்பினர், "இனி ஒண்டும் ஆகாதே?" என்று மெதுவாகக் கேட்டார்.

மூன்றாவது காலிதீன் சேரின் கார். இரண்டு மாதத்துக்கு முன்னர் நளீர் குழாய் மாற்றியது. பொனட்டைத் தூக்கியதும் நளீர் தலையை உள்ளே நீட்டினார். மேல் பூட்டில் கட்டிய துணி இலைப் பச்சையாக இருந்தது. முழுதும் ஊறி, காய்ந்து, திரும்ப ஊறி, ஓரத்தில் உப்புப் போல் படிந்திருந்தது. பக்கத்துத் தண்ணீர்ப் போத்தல் காலி.

"சேர், இத நீங்க பாக்கல்லயா?"

"பாக்காமலா? கிழமைக்கு ஒருக்காப் பாக்கிறனான்" என்றார் காலிதீன் அமைதியாக. "முதல்ல வெள்ளையாக் கிடந்திச்சு. மறுகா பச்சையாச்சு. பச்சை நல்ல நிறந்தானே. காவல் புடிச்சிட்டுது எண்டு நினைச்சன்."

யாரும் சிரிக்கவில்லை. கொடியும் போர்வையும் பள்ளிக் கதவும் பச்சையாக இருக்கிற ஊரில் அது சிரிக்கிற விசயமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு உறுப்பினர் தலையைக்கூட ஆட்டினார்.

"தண்ணி குறையல்லயா சேர்?"

"ஒவ்வொரு நாளும் ரெண்டு கோப்பை ஊத்திறன். வயசுபோன வாகனம், தாகம் கூட எண்டு நினைச்சன்."

நளீர் பையில் இருந்த திருப்புளியை எடுத்தார். அவர் எங்கே போனாலும் அது கூடப் போகும். கிளிப்பைக் கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று இறுக்கினார். வாய் முணுமுணுப்பதை ஐந்து பேரும் கண்டார்கள். அதை உணர்ந்து அவர் சத்தமாக எண்ணினார்: "கால்! அரை! முக்கால்!" வளவுக்கு வெளியே போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்.

"இன்னும் ஒரு கிழமை போயிருந்தா இந்த என்ஜின் கொதிச்சிருக்கும் சேர். இந்தத் துணிதான் அதச் செல்லுது. கிழமைக் கணக்காச் செல்லிக்கிட்டு இரிக்கி, நீங்க கேக்கல்ல."

காலிதீன் சேர் வெகுநேரம் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்தார். ஒரு நல்ல ஆசிரியருக்கு விளங்கும்போது முகத்தில் வருகிற வெளிச்சம் வந்தது. நளீரின் நெஞ்சு லேசானது.

"அப்ப எனக்கு வரயிருந்த முசீபத்த அது தனக்குள்ள எடுத்துக்கிட்டு என்னக் காப்பாத்தியிரிக்கி" என்றார் காலிதீன்.

சபை திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்தியது. நளீர் வெளியே ஜனாஸா வேனுக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்து அடிக் குழாய்களைப் பார்த்தார். பின்பக்கக் கிளிப் ஒன்று, யாரோ அவசரத்தில் பூட்டியது, சாய்ந்து கிடந்தது. ஹுன்னஸ்கிரியவில் கண்ட கிளிப்பும் அதே சாயலில்தான் இருந்தது. வேலை கிடைக்காவிட்டாலும் இதை ஒரு முறை நிமிர்த்திவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தபோது கதவு திறந்தது.

நிப்றாஸ் தீர்மானத்தை வாசித்தார். ஜனாஸா வாகனத்தின் பராமரிப்பு நளீரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்றார் நளீர். தீர்மானம் முடியவில்லை. மக்கள் மத்தியில் தவறான எண்ணம் பரவாதிருக்க, இயந்திரத்தில் துணி கட்டுவதாயின் அது வெள்ளைத் துணியாக இருத்தலாகாது. கறுப்புத் துணியே கட்டப்பட வேண்டும்.

"கறுப்பில பச்சை தெரியாதே!" இந்த முறை நளீர் கத்தியேவிட்டார்.

"அதுதான் நல்லம்" என்றார் நிப்றாஸ். "தெரிஞ்சாத்தானே சனம் கதைக்கும்."

"சேர், நீங்களாவது செல்லுங்க. தெரியிறதுக்குத்தானே துணி?"

"ஏகமனதான தீர்மானம் நளீர்" என்றார் காலிதீன் சேர். "எழுதியாச்சு."

வீட்டுக்கு வந்து நளீர் சாப்பிடாமல் இருந்தார். வேலை வேண்டாம் என்று கடிதம் எழுதலாமா என்று யோசித்தார். எழுதினால் அந்தச் சாய்ந்த கிளிப் சாய்ந்தபடியே கிடக்கும். றாஹிலா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தையல் மெசினடிக்குப் போனார். ஒரு பக்கம் தொழுகை உடுப்பு வெட்டிய வெள்ளை, மறுபக்கம் ஹபாயா வெட்டிய கறுப்பு. இரண்டிலும் ஒவ்வொரு கீலம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரு ஓட்டு ஓட்டினார்.

"இந்தாங்க. சபைக்கு வெளிப்பக்கம். ஒங்களுக்கு உள்பக்கம்."

திங்கட்கிழமை நளீர் நான்கு குழாயையும் மாற்றினார். ஹீட்டரைப் போட்டு, மூடிய வேனுக்குள் தனியாக உட்கார்ந்து வியர்த்தார். வெள்ளை குழாயில் படும்படி வைத்து, வெளியே கறுப்பு தெரியக் கட்டினார். மூன்றாம் நாள் யாரும் கொண்டுவரப் போவதில்லை என்பதால் சுபஹு தொழுதுவிட்டு அவரே வளவுக்குப் போனார். என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் பூட்டுகள் சுருங்கி உண்மையைக் காட்டும். துணியெல்லாம் வெள்ளை. அடியில் இருந்த ஒன்றில் மட்டும் மிளகளவு பச்சை. அரைச் சுற்று இறுக்கிப் புதுத் துணி கட்டினார். பள்ளியால் வந்த காலிதீன் சேர் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு மடிப்பாக் கட்டியிரிக்கீங்க."

"ஓம் சேர்."

"நல்லம், நல்லம்." சேர் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ட காருக்கும் இப்பிடி ஒண்டு..."

பதினைந்து நாள் கழித்து வாகனத்துக்கு முதல் அழைப்பு வந்தது. மருதமுனையில் கைத்தறி நெய்கிற ஒருவர் கண்டியில் மௌத்தாகிவிட்டார். வேனை ஓட்டிப் போனவர் முர்ஷித். நளீர் அன்று ஒரு வேலையும் செய்யவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். இப்போது கண்டி. இப்போது ஏற்றம். போன் அடிக்கவில்லை. இப்போது மகியங்கனை. நடுப்பகல் லுஹருக்குப் பின்னர் வேன் மருதமுனையில் வந்து நின்றது, நளீரும் அங்கே போய்விட்டார். அஸரோடு தொழுகை, உடனே அடக்கம். இறந்தவரின் மகன் கபுறுக்கு மண் போட்டுவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டு நிற்பதை நளீர் பின்வரிசையில் இருந்து பார்த்தார். அந்தப் பையனுக்குக் கிளிப்பைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

எல்லோரும் போன பிறகு நளீர் வேனின் பொனட்டைத் திறந்தார். கறுப்பை விரலால் புரட்டினார். அடியில் றாஹிலாவின் வெள்ளை, கடையில் வாங்கியது போல் இருந்தது. குனிந்து அடியில் உள்ளதையும் பார்த்தார். அதுவும் வெள்ளை.

முர்ஷித் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஏத்தம் முழுக்கச் சூட்டு ஊசி அசையல்ல காக்கா. ஒரு இடத்திலயும் நிக்கல்ல. ஊரெல்லாம் செல்லிட்டன், நளீர் காக்காட துணிதான் கொண்டு வந்து சேத்ததெண்டு."

நளீர் வாயைத் திறந்தார். கிளிப், சுற்று, குளிர்ந்த என்ஜின், மூன்றாம் நாள், எல்லாம் வரிசையாக நாக்கு வரை வந்தன. பிறகு பொனட்டை மெதுவாக இறக்கி மூடினார்.

"ஓம்" என்றார். "துணிதான்."